பிரேக்கை லேசாத்தான் தொட்டேன்

கராஜில் நீங்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "பாஸ், வண்டிய பாத்த உடனே எப்படி கண்டுபுடிக்கிறீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். பார்த்த உடனே நான் எதைக் கண்டுபிடித்தேன்? பாதி நாள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதுதான் என் தொழில். மீதிப் பாதியில், கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன், அந்த முகம் இனித் தேவையில்லை. ஆகவே தம்பிமாரே, புதிதாக வந்திருக்கிற தங்கச்சிமாரே, நான் நன்றாகக் குழம்பிப்போன ஒரு கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஜெக் அடிப்பது, போல்ட் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லி நேரம் கடத்த மாட்டேன்.

நான் லிந்துலைக் கராஜை விட்டு வருவதற்கு முந்தின மழைக்காலம். ஸ்டீபன் சேர் ஒரு காரைக் கொண்டுவந்தார். அவர் தலவாக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். வீடு அக்கரப்பத்தனை ரோட்டில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில். தினமும் காலையில் அங்கிருந்து தனியாகக் கீழே இறங்கி வேலைக்குப் போகிறவர். கார், பழைய ஜப்பான் வேகன். கொழும்புப் பக்கத்தில் யாரோ ஒரு ஆசைக்காரப் பையன், அழகுக்காகக் கட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். சேர் அதை அப்படியே வாங்கிவிட்டார்.

நம்முடைய தோட்டத்து ரோட்டில் இப்படி ஒரு கார் வந்தால் கேட்க வேண்டுமா? லயத்து வீடுகளில் இருக்கிற இளவட்டங்கள் விடுவார்களா? "என்ன சேர், வண்டியும் பூசைக்கு வந்த மாதிரி முட்டி போட்டு நிக்குது?" என்று கேட்டார்களாம். சேர் வேதக்காரர், கோபப்படாமல் சிரித்திருக்கிறார். உயரத்தைப் பழையபடி ஏற்றிவிடலாம் என்று நானும் சொன்னேன். ஆனால் அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. மனைவி ஜெசிந்தா நிறைமாதம். கார் தாழ்வாக இருந்தால் இருவருக்கும் ஏறி இறங்க லேசாக இருக்கிறது என்று சேர் சொன்னார். ஏழைக்கேற்ற சொகுசு, அதை ஏன் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று அவர் தனியாக வரவில்லை. கூடவே மாமனார். தோட்டத்தில் கண்டாக்காக இருந்தவர், மலைகளில் எல்லாருடைய வேலையையும் மேற்பார்த்து அதட்டி அதட்டியே தொண்டை தடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லாரும் கண்டாக்கையா என்றுதான் கூப்பிடுவோம். மகளின் பிரசவம்வரை கூட இருக்க வந்திருந்தார்.

"பாஸ், இந்த இறக்கின வேலைய சரியா செஞ்சிருக்காங்களான்னு பாத்து சொல்லுங்க," என்றார் சேர். "மழையில எறக்கத்துல பிரேக் புடிச்சா பின்பக்கம் சுத்திகிட்டு வருது. கோயில் முடக்குல வளையையில ரெண்டு தடவ ரோட்டோர தண்ணிக் கான்ல விழப் பாத்தேன்."

"எவ்வளவு அமத்துனீங்க?"

"லேசாத்தான் பாஸ் தொட்டேன்."

கண்டாக்கையா பக்கத்தில் நின்றுகொண்டு, செருப்பு நுனியால் தரையைத் தடவிக் காட்டினார். "லேசாத்தான் தொட்டாராம்! மயிலிறகால தொட்டாராம்!"

"மாமா..."

"நீங்க சும்மா இருங்க மருமகன். பாஸ், நான் சொல்றேன் கேளுங்க. ஞாயித்துக்கெழம பூசைக்கு இதே வண்டியிலதான் போறோம். நான் இருக்கேன், எம்மக இருக்கா, சம்பந்தியம்மா இருக்காங்க. அதே முடக்கு, அதே மழ. வண்டி பூ மாதிரி போகுது. இவரு தனியா போகையில மட்டும் சுத்துதாம். என்ன அர்த்தம்? ஒன்னு, தண்ணி போட்டுட்டு ஓட்டுறாரு. இல்லாட்டி மண்டையில என்னமோ கோளாறு."

சேருடைய முகம் சுருங்கிவிட்டது. அவர் குடிக்கிறவர் இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் கண்டாக்கையா கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. ஆட்கள் இருந்தால் ஒழுங்காகப் போகிறது, தனியாக இருந்தால் சுற்றுகிறது என்றால், வண்டியைச் சந்தேகிப்பதா, ஓட்டுகிறவனைச் சந்தேகிப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்," என்றார் கண்டாக்கையா. "வண்டியில பிழை இருக்குன்னு நீங்க சொன்னா சரி, நான் வாய மூடிக்கிறேன். இல்லன்னு சொன்னா, பூச முடிஞ்ச கையோட புள்ளைய என் வீட்டுக்கு கூட்டிகிட்டு போயிருவேன். பேரப்புள்ளைய இவரு கையில குடுக்க ஏலாது."

பார்த்தீர்களா, வந்தது ஸ்பிரிங் பார்க்க. தலையில் விழுந்தது ஒரு குடும்பம். நம்முடைய தொழிலில் இதுதான் வினை. வண்டிக்குக் கீழே படுத்திருக்கிற நம்மைத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் தூக்கி உட்கார வைத்துவிடுவார்கள்.

குழியின் மேல் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். எதையாவது பிழை என்று பிடித்துவிட வேண்டும் என்ற வெறியோடுதான் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ஸ்பிரிங் அதன் இருப்பிடத்தில் நன்றாக உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைத் தொங்கவிட்டாலும் கழன்று ஆடவில்லை. ஷொக் அப்சோபர் அந்தக் கட்டை ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானதுதான். றப்பர் புஷ் ஒன்றும் முறுக்கிக் கிழியவில்லை. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினாலும் டயர் எங்கும் உரசவில்லை. பிரேக் குழாய்கள் இழுபடவில்லை. பிரேக் கழற்றிப் பார்த்தேன், நான்கு சக்கரத்திலும் நல்ல பிரேக். எண்ணெய் ஒழுகுகிறதா? இல்லை. டயர் தேய்ந்திருக்கிறதா? இல்லை. அந்தக் கொழும்புப் பையன் யாரிடம் கொடுத்துச் செய்தானோ, குறை சொல்ல இடமில்லாமல் செய்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல வேலையைப் பார்த்து ஆத்திரப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சரி, ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

அதற்கு முன்னால் சேரும் தன் பாட்டுக்கு ஒரு பரீட்சை செய்து பார்த்திருக்கிறார். அதையும் அப்போதுதான் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் மூன்று பேரைச் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டு, ஒருவர் கையில் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லி, மழையில் அதே முடக்கில் பிரேக் பிடித்திருக்கிறார். கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருக்கிறது. வீடியோவை எனக்கும் காட்டினார். அதில் மழை தெரிகிறது, வைப்பர் ஆடுகிறது, பின்னால் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

"யாராச்சும் பாக்க வந்தாலே வண்டி நல்லா போகுது பாஸ்," என்றார். சொல்லும்போது அவருக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகத் தெரிந்திருக்க வேண்டும், குரல் உள்ளே போய்விட்டது.

முதல் நாள் நான் ஓட்டினேன். சேர் முன்னால், கண்டாக்கையா பின்னால். மேல் டிவிசனுக்கு ஏறிப் போய், திரும்பி இறங்கினோம். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த நேரம். நம்முடைய தோட்டத்து ரோட்டில் பின் சீட்டில் இடத்தை வைத்துக்கொண்டு, மழையில் நடக்கிறவர்களைத் தாண்டிப் போக முடியுமா? போனால் அடுத்த நாள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவர்களும் கேட்கிற வழக்கம் இல்லை. வேகம் குறைந்தால் போதும், கதவு தானாகத் திறக்கும். குடையை மடக்கிக்கொண்டு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கோடு மூன்று பேர் கண்டாக்கையா மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள்.

"கண்டாக்கையா, மலையில எங்கள வெரட்டுனதுக்கு இன்னிக்கு நெருக்குறோம்!" என்று சிரித்தார் பார்வதியக்கா. கோயில் முடக்குக்குக் கீழே இருக்கிற லயத்தில் அவருடைய வீடு. கண்டாக்கையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முடக்கு வந்தது. பிரேக்கை அமத்தினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அமத்தினேன். பெண்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்து, "அய்யோ பாஸ்!" என்று கத்தினார்கள். வண்டி மட்டும் கோடு போட்ட மாதிரி நின்றது.

அடுத்த நாள் மழை இன்னும் அதிகம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே இரண்டு பேர், மறுபடி வழியில் பெண்கள், மறுபடி முடக்கு. மறுபடி ஒன்றும் இல்லை. பார்வதியக்கா லயத்தில் இறங்கும்போது, "பாஸ், எங்கள ஏத்தி எறக்கத்தான் தெனம் வர்றீங்களா? நல்லா இருப்பீங்க," என்று வாழ்த்திவிட்டுப் போனார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஸ்பிரிங்கை நினைத்துக்கொண்டிருந்தேன். "சோறு என்ன பிழை செஞ்சிச்சு, அத ஏன் மொறைக்கிறீங்க?" என்றாள் வீட்டுக்காரி. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கும் சேர் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பாவம், பிள்ளை பிறக்கப் போகிற பயம், பொறுப்பு, மாமனார் தொல்லை, எல்லாம் சேர்ந்து மனுசனை ஏதோ செய்துவிட்டதோ என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மூன்றாம் தடவை. அன்றும் ஒன்றும் ஆகவில்லை. பெண்களைக் கீழ் லயத்தில் இறக்கிவிட்டு, சேரையும் கண்டாக்கையாவையும் வீட்டில் விடுவதற்காகத் திரும்ப மேலே ஏறினேன். ஏற்றத்தில் யார் பிரேக் பிடிக்கிறார்கள்? வீட்டு வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தது. வயிற்றில் ஒரு கை, கதவு நிலையில் ஒரு கை.

கண்டாக்கையா இறங்கியதும் இறங்காததுமாக, "பாஸ், இப்ப எம்மக முன்னுக்கு சொல்லுங்க. வண்டியில பிழை இருக்கா, இல்லியா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா சொன்னது. "பாஸ், எங்களோட போகையில ஒழுங்காத்தான் ஓட்டுறாரு. ஒரு குலுக்கம்கூட இல்ல. தனியா போகையில என்ன நெனச்சுகிட்டு போறாருன்னுதான் எனக்கு வெளங்கல." அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இதுதான் நேரம், தம்பிமாரே. இந்த இடத்தில்தான் நம்முடைய தொழில் இருக்கிறது, ஸ்பெனரில் இல்லை. "வண்டி நல்லா இருக்கு" என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. நான் பார்த்த அத்தனையும் நன்றாகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் என் பெயர் கெடாது, கண்டாக்கையாவும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். "பிழை இருக்கு" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன.

"தெரியலைங்க ஐயா," என்றேன்.

"என்னது?"

"எனக்கு தெரியலைங்க. பிழைய நான் காணல. பிழை இல்லன்னும் சொல்ல ஏலாது. இன்னும் பாக்கணும்."

"இத்தன வருச தொழில்ல, தெரியலன்னு சொல்றதுக்கா எங்கள மூனு நாளா மழையில இழுத்தடிச்சீங்க?" கண்டாக்கையா குடையைத் தரையில் குத்திவிட்டு உள்ளே போனார். ஜெசிந்தாவும் போய்விட்டது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

சேர் மட்டும் நின்றார். "வண்டி உங்க கராஜிலயே நிக்கட்டும் பாஸ். நான் பஸ்ல போறேன். எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு போல." சட்டைக் கையால் முகத்து மழையைத் துடைத்துவிட்டு, "காலையில யாராச்சும் கீழ எறங்குறாங்களான்னு பாத்துகிட்டே நிப்பேன். கூட ஆள் இருந்தா தைரியமா இருக்கு. ஆனா அந்நேரம் எல்லாரும் மலைக்கு ஏறுவாங்களே, ஒருத்தரும் கெடைக்க மாட்டாங்க. தனியா எறங்கையில சாமிய கும்புட்டுகிட்டே போவேன். நானே என்னைய நம்புறதில்ல பாஸ் இப்ப," என்றார்.

படித்த மனுசன், இப்படி உடைந்து பேசினால் என்ன சொல்வது? தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.

மழை அடித்து ஊற்றியது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் சேரைப் பற்றி நினைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கினேன். கோயில் முடக்கு வந்தது. பிரேக்கைத் தொட்டேன்.

பின்பக்கம் கழன்றுவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் இருந்த காரின் வால் எனக்குப் பக்கத்தில் வந்தது. தேயிலை, கோயில், வானம், மறுபடி தேயிலை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன், திருப்பினேனா இல்லையா, ஒன்றும் ஞாபகம் இல்லை. "முருகா!" என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பின் சக்கரம் மலைப்பக்கத்துக் கானுக்குள் விழுந்து, வண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபக்கத்துப் பள்ளத்தில் விழுந்திருந்தால் இந்தக் கதையை உங்களுக்கு வேறு யாராவதுதான் சொல்லியிருப்பார்கள்.

வாய் தானாகப் பேசியது. "லேசாத்தானே தொட்டேன்... லேசாத்தானே தொட்டேன்..." என் காதில் விழுந்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது.

சத்தம் கேட்டுக் கீழ் லயத்திலிருந்து ஓடி வந்தார்கள். பார்வதியக்கா முன்னால் வந்து கதவைத் திறந்து, எனக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பாஸ், ஆள் ஏத்தாம சும்மாவா வந்தீங்க? எங்கள ஏத்திகிட்டு போகையில நல்லாத்தானே போச்சு," என்றார்.

அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. பதற்றத்தில் வாய்க்கு வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். காலி. அந்த மூன்று நாளில் அந்தச் சீட்டைக் காலியாக நான் இறக்கத்தில் பார்க்கவே இல்லை. நான் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மாமனார் இருந்தார், பெண்கள் இருந்தார்கள். சேர் சாட்சிக்கு ஏற்றிய மூன்று பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பமே இருந்தது. யார் பார்க்க வந்தார்களோ, அவர்களே பிழையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

எல்லாரும் சேர்ந்து தள்ளிக் காரைக் கானிலிருந்து எடுத்தார்கள். முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு கராஜுக்கு வந்து, குழிக்குள் இறங்கினேன்.

அங்கே இருந்தது அந்தச் சின்ன வால்வு. முதல் நாளே பார்த்தேன். இருக்கிறதா, இருக்கிறது. ஒழுகுகிறதா, இல்லை. சரி என்று தாண்டிவிட்டேன். பின் சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் போக வேண்டும் என்று அளந்து விடுகிற வால்வு அது. அதிலிருந்து ஒரு கம்பி, பின் சக்கரங்களைத் தாங்குகிற எக்சலுக்குப் போகிறது. பின்னால் ஆளோ சாமானோ ஏறி வண்டி அமுங்கினால், கம்பி வால்வைத் தள்ளும். பாரம் ஏறியிருக்கிறது, பின் பிரேக் கூடுதலாக வேண்டும் என்று வால்வு எடுத்துக்கொள்ளும். ஆட்கள் இறங்கி வண்டி நிமிர்ந்தால் குறைத்துக்கொள்ளும். வண்டியை இறக்கியவர்கள் ஸ்பிரிங்கை அழகாக மாற்றினார்கள், கம்பியை மட்டும் பழைய உயரத்துக்கே விட்டுவிட்டார்கள். வண்டிதான் எந்நேரமும் அமுங்கியே நிற்கிறதே! ஆகவே, அந்த வால்வைக் கேட்டால், கண்டாக்கையாவும் சம்பந்தியம்மாவும் திங்கள் முதல் ஞாயிறுவரை பின் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. ஆள் இருக்கும்போது கணக்குச் சரி. சேர் தனியாகப் போகும்போது, லேசாகக் கிடக்கிற பின் சக்கரங்களுக்குப் பாரத்துக்குரிய பிரேக் போய், அவை ஈர ரோட்டில் அப்படியே இறுகிவிடும். பிறகு வால் சுற்றாமல் என்ன செய்யும்?

நான் மூன்று நாளும் அவர்கள் செய்த வேலையைத்தான் பார்த்தேன். செய்யாமல் விட்ட வேலையைப் பார்க்கவில்லை. ஒரு வேலை சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று யாராவது உங்களிடம் கேட்டால், கை வைத்த இடத்தை எல்லாரும் பார்ப்பார்கள். கை வைத்திருக்க வேண்டிய இடம் எது என்று நீங்கள் தேடுங்கள். இதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டி முழக்கினேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது அடுத்து நடந்தது.

கம்பியைச் சரி செய்வது பெரிய வேலை இல்லை. ஸ்பெனர் கையிலேயே இருந்தது. பிழையைக் கண்டுபிடித்த பிறகு கை சும்மா இருக்குமா, துருதுரு என்றது. நட்டில் ஸ்பெனரை மாட்டிவிட்டு, நிறுத்தினேன். இப்போது நான் இதைத் திருப்பினால் பிழை போய்விடும். பிழை போய்விட்டால், அது இருந்தது என்று யார் நம்புவார்கள்? "பாஸ் இரக்கப்பட்டு ஒரு கதை சொல்றாரு" என்பார் கண்டாக்கையா. வண்டி நன்றாகிவிடும், சேர் காலம் முழுக்கப் பொய்யன்தான். ஸ்பெனரைக் கழற்றி வைத்தேன். பிழையோடு ஒரு வண்டியை வேண்டுமென்றே விட்டுவைத்தது அந்த ஒரு ராத்திரிதான். சாவியை என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

சேருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஒன்னும் இல்லியா பாஸ்?"

"ஒன்னும் இல்ல சேர்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மனுசன் அழுகிறார் என்று விளங்கியதும் நானே போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பூசைக்குப் போய் வந்தவர்களைத் தேயிலைப் பெக்டரிக்கு முன்னால் வரச் சொன்னேன். லொறி திரும்புகிற பெரிய தார் முற்றம், மட்டமான இடம், சுற்றிவர மோதுவதற்கு ஒன்றும் இல்லை, நடுவில் லொறி நிறுத்தப் போட்ட ஒரு வெள்ளைக் கோடு. பெக்டரிக்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன். தூறல் விடவில்லை. ஜெசிந்தாவைக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தோம். அந்தப் பிள்ளையின் உடுப்புப் பை கண்டாக்கையாவின் கையிலேயே இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போக ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்.

"ஐயா, நீங்களே ஓட்டுங்க," என்று சாவியை நீட்டினேன்.

"நானா? நான் ஓட்டினா ஒன்னும் ஆகாது. நான் துரைமார் ஜீப்பே ஓட்டினவன்."

"அதுதான் ஐயா, நீங்களே ஓட்டுங்க. வேகம் வேணாம். அந்த கோடு வந்ததும் லேசா பிரேக்க தொடுங்க."

முதலில் பார்வதியக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் பின்னால் ஏற்றினேன். கண்டாக்கையா ஓட்டினார், கோட்டில் பிரேக் பிடித்தார், கார் நேராக நின்றது. தலையை வெளியே நீட்டி, "பாத்தீங்களா?" என்றார். பெண்களை இறங்கச் சொன்னேன். "அதுக்குள்ளயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

இப்போது அவர் மட்டும். அதே முற்றம், அதே ஈரம், அதே வேகம். கோடு வந்தது. பிரேக் விளக்கு எரிந்தது.

காரின் வால் அப்படியே வீசிக்கொண்டு வந்தது. சுற்றி, அரைவட்டம் போட்டு, எங்களைப் பார்த்தபடி நின்றது. பெண்கள் கத்தினார்கள். ஜெசிந்தா எழுந்துவிட்டது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்டாக்கையா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

எல்லாருக்கும் முன்னால் ஓடியது சேர்தான். கதவைத் திறந்தார். நானும் பின்னால் போய்ச் சேர்ந்தேன். கண்டாக்கையாவின் முகத்தில் இரத்தமே இல்லை. மலை முழுக்கக் கேட்கிற தொண்டை, அன்றைக்குக் காற்று மாதிரி வந்தது.

"மருமகன்... நான் லேசாத்தானே தொட்டேன்."

சேர் என்ன வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். பேச அவருக்கு உரிமை இருந்தது. நானாக இருந்தால் செருப்பு நுனியால் தரையைத் தடவிக் காட்டியிருப்பேன். அவர் கையை நீட்டிப் பெரியவரின் முழங்கையைப் பிடித்து இறக்கினார்.

"தெரியும் மாமா," என்றார்.

ஜெசிந்தா தூறலில் நடந்து வந்து அப்பாவைத் தாண்டி, புருசனிடம் போய் நின்றது. "தெனம் இப்படியா எறங்குனீங்க?" என்று மட்டும் கேட்டது. சேர் தலையாட்டினார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு ஏலவில்லை. சாவி இன்னும் வண்டியிலேயே இருந்தது, அதைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டு, காரை ஜெக் அடித்துத் தாங்கி வைத்துவிட்டு, ஸ்பெனரோடு கீழே போய்ப் படுத்தேன். சின்ன வேலைதான். இருந்தாலும் அன்று கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.